நாணல்மேடு குளமான விவரம்

போலந்து தேசத்தில் காளான்களுக்கு நடுவே குளிரில் குடித்தனம் நடத்தும் அன்பு மச்சான் கதிரவனுக்கு, குமராட்சிப் பக்கம் நாணல்மேட்டிலிருந்து மாமா மணவாளன் எழுதுவது. நீயும் உன் பண்ணை முதலாளியும் உன் கம்பளிக் குல்லாவும் சுகமாக இருக்கத் தில்லைக் கூத்தனை வேண்டுகிறேன். இங்கே உன் அக்கா மலர்க்கொடி சுகம். கறவை மாடு சுகம். நான் சுகமில்லை. காரணம் நீ.

இதை ஏன் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, நான் ஒரு வரி சொன்னால் இரண்டு வரி திருத்தம் சொல்கிறாள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடலாமென்றால் அதில் சம்பந்தியம்மா மங்கலம் இருக்கிறார். நான் காலை வணக்கம் போட்டாலே அதில் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கிறவர். ஆகவே எழுதி, போட்டோ பிடித்து, உனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

நம் பெண் சத்யப்பிரியாவுக்குக் கடலூர் முதுநகரில் புகுந்த வீட்டில் வளைகாப்பு நடந்ததை நீ வீடியோ காலில் பார்த்தாய். தாய்மாமன் போடவேண்டிய வளையலை, போனில் உன் முகத்தைப் பெண்ணின் கைக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு உன் சார்பில் நாங்கள் போட்டோம். எலுமிச்சை, புளி, தேங்காய் என்று சோறு வகை வகையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். நீ போனை வைத்த பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. வழக்கப்படி பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்பும்போது மங்கலம் அம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சம்பந்தி, கோச்சுக்காதீங்க. உங்க ஊருக்குள்ள வர்றதுக்கு வாய்க்கா மேல ரெண்டு பனைமரத்தைப் போட்டு வச்சிருக்கீங்க. மறுவீட்டுக்கு வந்தப்ப உள்ள வுழுந்த என் ஒத்தச் செருப்பு இன்னும் கரையேறல. ராத்திரியில வலி எடுத்தா எம் மருமவள கயித்துக் கட்டிலோட தூக்கிட்டு ஓடுவீங்களா? ஆம்புலன்ஸு வர்ற மாதிரி பாலம் வரட்டும். அன்னிக்கே பொண்ணு வரும்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்கிற சம்பந்தியைப் போல ஒரு தொல்லை உலகத்திலேயே கிடையாது. காலிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு, பெண் இல்லாமல் ரயிலேறினோம். சிதம்பரம் வரைக்கும் உன் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தாள். ஊருக்கு ஊர் தகப்பன்மார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேறு பார்க்கிறார்கள், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எதிர் சீட்டில் ஒருவர் நிலக்கடலை தின்றுகொண்டு என்னையே பார்த்ததால் அழவில்லை.

பாலம் ஏன் வரவில்லை என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நாம் முன்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊராட்சியில் இருந்தோம். நீ விமானம் ஏறிய வருஷம், எல்லையைத் திருத்துகிறோம் என்று நம் ஒரு தெருவை மட்டும் வெட்டித் தாழைவயல் ஊராட்சியில் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பழைய ஊராட்சிக்காரன் "நீங்க எங்காளு இல்ல" என்கிறான், புது ஊராட்சிக்காரன் "நீங்க இன்னும் எங்காளு ஆகல" என்கிறான். தாழைவயலில் சிமெண்ட் ரோட்டுக்கு மேல் சிமெண்ட் ரோடு போட்டு, வீட்டு வாசற்படியெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது. சுடுகாட்டுக்குப் போகிற வழிக்குக்கூட டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே செத்தவன் போகிற பாதை நம் ஊரில் உயிரோடு இருப்பவனுக்கு இல்லை.

கிராம சபையில் எழுந்து கேட்டேன். ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "மணவாளன் மாமா, நீங்க புதுசா வந்து சேந்தவங்க. புதுசா வந்த மருமவ, வந்தன்னிக்கே சாவிக்கொத்தக் கேக்கலாமா? பழைய தெருவுக்கெல்லாம் முடிச்சுட்டு உங்களுக்குத்தான். பத்து வருஷம் பொறுங்க" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா உட்காரவில்லை. "மருமவளுக்குச் சோத்தக் கொறச்சீங்க, சரி. வேலையக் கொறச்சீங்களா தலைவரே? வூட்டு வரி, தண்ணி வரியெல்லாம் பழைய தெரு ரேட்டுலதான வாங்குறீங்க? அதுக்கும் பத்து வருஷம் பொறுக்குறது?" என்றாள். கூட்டம் கைதட்டியது. தலைவரும் கைதட்டினார். தீர்மானம் மட்டும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். நீ சொன்னதை வரி பிசகாமல் எழுதுகிறேன், மறுக்காதே. "மாமா, இங்கயும் அதே கதைதான். ஐரோப்பாவுல எல்லா நாடும் ஒரே சங்கமா இருக்குது. ஆனா பின்னால வந்து சேந்த நாட்டு விவசாயிக்கு மானியம் ஆரம்பத்துல கால் பங்குதான் குடுத்தாங்களாம். வருஷா வருஷம் ஏத்துறோம்னாங்களாம். எங்க முதலாளி இன்னிக்கும் புலம்புறாரு, டிராக்டரும் டீசலும் எனக்கு மட்டும் கால் வெலைக்கா குடுத்தான்னு. வாயால கேட்டா கெடைக்காது மாமா. கண்ணால பாக்குற மாதிரி காட்டணும்." சொன்னாயா இல்லையா?

எனக்கு அன்று ஒரு ஆறுதலாக இருந்தது. எங்கேயோ ஒரு வெள்ளைக்காரக் குடியானவன் என்னைப் போலவே ஏமாந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் மனசுக்குச் சுகம்தானே. அந்தச் சுகத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். காட்டவேண்டும் என்ற உன் சொல் மட்டும் மண்டைக்குள் வண்டாகக் குடைந்தது.

அந்த வாரமே தாழைவயல் டீக்கடையில் சேதி வந்தது. மாவட்டத்திலிருந்து சர்வே எடுக்க வருகிறார்களாம், ஊர் ஊராகப் படம் பிடித்து, எங்கெங்கே வேலை செய்யலாம் என்று எழுதிக்கொண்டு போகிறார்களாம். என்ன சர்வே என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் இல்லாத ஒன்று ரோடும் பாலமும்தான், அப்படியானால் சர்வே அதற்குத்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். ஆனால் அது சித்திரை மாதம். வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். தெரு காய்ந்து புழுதி பறக்கிறது. ஐப்பசியில் கொள்ளிடம் பெருகி வாய்க்கால் நிரம்பி நாம் படும் பாட்டைச் சித்திரையில் வருகிறவனுக்கு எப்படிக் காட்டுவது?

மச்சான், உன் மாமன் யார்? வாழ்நாளெல்லாம் மதகைத் திருகி, எந்த மடையைத் தொட்டால் எவன் வயல் நனையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற லஸ்கர். ரிட்டயர் ஆனாலும் கை மறக்குமா? எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனை லால்பேட்டைக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மதகு ஷட்டர் சாவியை ஒரு நாள் இரவல் கேட்டேன். பிரியாணி சாப்பிட்டவன் எதற்கு என்று கேட்கவில்லை. சர்வேக்காரர்கள் வருகிற அன்று பட்டப்பகலில், மேலண்டை மதகை ஏற்றி, கீழண்டை மதகை இறக்கி, தெருக்கோடியில் மண்மூட்டை அடுக்கினேன். நாணல்மேடு என்று பெயரில்தான் மேடு. சோறு வடிக்கிற நேரத்தில் தெரு முழுக்கத் தொடையளவு தண்ணீர். நான் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு பாசனம் செய்ததில்லை.

அதோடு விட்டேனா? ஊரைக் கூட்டி வசனம் சொல்லிக்கொடுத்தேன். "யாரு கேட்டாலும் ஒரே பேச்சு. எப்பவும் தண்ணிதான். தாத்தா காலத்துலேருந்து தண்ணிதான். கோடையிலயும் வத்தாது. புரியுதா?" என்றேன். நம் ஜனங்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் ஒன்பதாகச் செய்வார்கள். பொடிசுகள் வாத்துகளைக் கொண்டுவந்து விட்டன. ஒருவன் தூண்டிலோடு உட்கார்ந்து நிஜமாகவே ஒரு விரால் பிடித்துவிட்டான். ஆம்புலன்ஸ் வராத கொடுமையைக் காட்ட, வாழைமரம் வெட்டித் தெப்பம் கட்டி, எதிர்வீட்டுப் பாட்டி ஆரோக்கியம்மாளைப் போர்வை போர்த்திப் படுக்கவைத்து, நோயாளி என்று தெருவில் மிதக்கவிட்டோம். ஐந்து நிமிஷம் முனகிய ஆரோக்கியம்மாள், காற்று சிலுசிலுவென்று வந்ததும் தூங்கிப்போனார்.

வந்தது கயல்விழி என்று ஒரு சின்னப் பெண். பனைமரத்தில் தத்தித் தத்தி வந்து, பெட்டியிலிருந்து ட்ரோனை எடுத்துப் பறக்கவிட்டது. ஊரே ட்ரோனைப் பார்த்துக் கையாட்டியது. அந்தப் பெண் அப்படியே அசந்துபோய் நின்றது.

"ஐயா, இதுல எத்தன வருஷமா தண்ணி இருக்குது?"

"எங்க பாட்டன் காலத்துலேருந்தும்மா."

"கோடையில வத்திடுமா?"

"இது என்னாம்மா மாசம்? சித்திர. நீயே பாரு."

"ஜனங்க புழங்குறாங்களா?"

"பொறந்ததுலேருந்து இதுலதாம்மா கெடக்குறோம்!" என்றேன். குரல்கூட அந்த இடத்தில் கொஞ்சம் தழுதழுத்தது. ஊரார் மெச்சினார்கள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் டேப்லெட்டில் தட்டிக்கொண்டு, போகும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "இந்தப் பக்கத்துல இவ்ளோ நல்லா வச்சிருக்குற ஒண்ண நான் பாத்ததே இல்லைங்கய்யா" என்றது. படித்த பிள்ளை, நம் கஷ்டத்தைக் குத்திக்காட்டி அரசாங்கத்தைக் கிண்டல் செய்கிறது என்று நினைத்து நானும் சிரித்தேன். அன்று சாயந்திரமே மண்மூட்டையை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டு, மங்கலம் அம்மாளுக்குப் போன் போட்டு, பாலம் வந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன்.

மச்சான், அது ரோடு சர்வே இல்லை. நீர்நிலை சர்வே.

காணாமல் போன ஏரி குளங்களைக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்க்கிற திட்டமாம். நம் தெரு கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் இப்போது நாணல்மேடு என்று ஊர் இல்லை, நாணல்மேடு குளம் என்று இருக்கிறது. தொன்மையானது, கோடையிலும் வற்றாதது, மீன்வளமும் வாத்து வளர்ப்பும் படகுப் போக்குவரத்தும் உள்ளது என்று எழுதியிருக்கிறார்கள். ஆரோக்கியம்மாள்தான் அந்தப் படகுப் போக்குவரத்து. குளம் என்று ஆனபின் அதன் இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகள் என்ன ஆகும்? நீர்நிலை ஆக்கிரமிப்பு! வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குறித்த காலத்துக்குள் காலி செய்யாவிட்டால் இடித்து அகற்றப்படும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நம் வீட்டில் உன் அக்கா கோலம் போட்ட வாசலுக்கு நேரே, கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கடலூர் போனேன். இது குளமில்லை, தெரு என்றேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பி வீடியோ போட்டுக் காட்டினார். அதில் நானே நின்றுகொண்டு, பாட்டன் காலத்துத் தண்ணீர் என்று கண் கலங்கச் சொல்கிறேன். பின்னால் வாத்து நீந்துகிறது. "நீங்கதான பெரியவரே இது?" என்றார். தெருதான் என்று நிரூபிக்க வேண்டுமானால் தண்ணீர் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் என் பென்ஷனும் போகும், பிரியாணி சாப்பிட்டவன் வேலையும் போகும். "என்னை மாதிரியே வேற யாரோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பொன்னுரங்கத்திடம் போய் நின்றால் அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "புதுசா சேந்தவங்கன்னுதான் நெனச்சிருந்தேன். இப்ப நீங்க ஊரே இல்லியாமே மாமா! சரி, இந்த வருஷ வரிய மட்டும் கட்டிட்டுப் போங்க" என்றார். ஊருக்குள் என்னைப் பார்த்தால் யாரும் பேசுவதில்லை. ஆரோக்கியம்மாள் மட்டும் பேசுகிறார், அதுவும் அவர் பேசாமலிருந்தால் தேவலை. உன் அக்கா வேறு, "எம் பொண்ணு வர்றதுக்கு வழி கேட்டா, இருக்குற வூட்டையும் தண்ணியில வுட்டுட்டு வந்து நிக்கிறியே மனுஷா" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் திட்டாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் திட்டாதபோதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைக்கு நாள் நெருங்குகிறது மச்சான். முதலில் பெண்ணை அழைத்துவரப் பாதை இல்லை. இப்போது அழைத்துவந்து வைக்க வீடும் இருக்காது போலிருக்கிறது. ஆகவே நீ ஒன்று செய். சிதம்பரத்தில் வக்கீலாக இருக்கும் இளமதி உன்னோடு படித்த பெண்தானே? நீ ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டாள். உடனே, இந்தக் கடிதம் கண்ட நிமிஷமே, கோர்ட்டில் தடையுத்தரவுக்கு மனுப் போடச் சொல். ஒரு நாள்கூடத் தாமதிக்காதே. ஒரு செங்கல்லைக்கூட அவர்கள் தொடக்கூடாது, ஒரு வண்டிகூட நம் ஊர்ப் பக்கம் வரக்கூடாது. உன் முதலாளியிடம், அவர் புலம்பியதால் நாணல்மேட்டில் ஒரு குடும்பம் தண்ணீரில் நிற்கிறது என்று நான் சொன்னதாகச் சொல். கோபமாகச் சொல்லாதே, வேலை போய்விடும்.

காளான் மேலும் மேலும் முளைக்கவும், உனக்கு நல்ல இடத்தில் பெண் அமையவும், அந்தப் பெண் வீட்டுக்கு நல்ல ரோடு இருக்கவும் ஆசீர்வதிக்கும்,

உன் அன்பு மாமா,
மணவாளன்.

பின்குறிப்பு: எழுதி முடித்துப் பத்து நாளுக்கு மேலாகியும் போட்டோ பிடித்து அனுப்ப முடியவில்லை. உன் அக்கா கோபத்தில் போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான். மேலே எழுதியதில் வக்கீல் விஷயத்தை அப்படியே அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இளமதியிடம் எதுவும் சொல்லாதே. இதைப் படிக்குமுன் அவசரப்பட்டுச் சொல்லியிருந்தால் கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்து.

பத்து நாளைக்கு முன் ஒரு காலையில் வாய்க்கால் பக்கம் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் லாரியில் ஜல்லி, சிமெண்ட், ஆள் உயரத்துக்குக் குழாய், கம்பி எல்லாம் வந்து இறங்குகிறது. ஒரு இன்ஜினியர் தம்பி தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். என்னப்பா இது என்றேன். "பாலம் கட்றோம் பெரியவரே" என்றார். யாருக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உள்ள வூடெல்லாம் இடிக்கணும்ல? பொக்லைன் பனைமரத்து மேலயா போவும்? அவசர வேலைன்னு ஒரே நாள்ல சாங்ஷன் ஆயிருக்குது" என்றார். பொக்லைன் பாரம் தாங்குகிற பாலமாம். ஆம்புலன்ஸ் என்ன, தேரே போகலாம் என்றார்.

ஊர் கூடிப் பேசினோம். கட்டி முடிக்கிறவரை யாரும் மூச்சுக்காட்டுவதில்லை என்று முடிவு. கேட்டால் குளத்து ஆட்கள் என்றே சொல்லிக்கொள்கிறோம். பாலம் முடிந்து காங்கிரீட் இறுகிய மறுநாள் காலையில், பொக்லைன் கிளம்புமுன், இளமதி கோர்ட் வாசலில் நிற்கவேண்டும். முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. அந்த நாளை நானே உனக்குச் சொல்கிறேன்.

இப்போது காங்கிரீட் போட்டாயிற்று. கான்ட்ராக்டர் ஆட்கள் அது இறுகச் சரியாகத் தண்ணீர் ஊற்றமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் நாங்களே ஊற்றுகிறோம். தெருவே குடத்தோடு வரிசையில் நிற்கிறது. ஆரோக்கியம்மாள்கூட ஒரு சொம்போடு வந்தார். எங்கள் வீட்டை இடிக்க வருகிற வண்டிக்கு, நாங்களே பாலத்தை நனைத்துப் பக்குவம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்ஜினியர் தம்பி இதைப் பார்த்து, இப்படி ஒத்துழைக்கிற ஆக்கிரமிப்பாளர்களை எங்கும் கண்டதில்லை என்று கண் கலங்கிவிட்டார்.

உன் அக்கா பானையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்ததும் முதுநகருக்குப் போன் போட்டேன். மங்கலம் அம்மாள் எடுத்தார். "பாலம் வந்துருச்சு சம்பந்தி" என்றேன். எதற்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் சத்யப்பிரியா குரல் கேட்டது: "அப்பா, என் கட்டில ஜன்னல் பக்கமா போடச் சொல்லுப்பா." போட்டுவிட்டேன் மச்சான். அந்தப் பாலத்தில் முதலில் ஏறப்போவது பெண் வருகிற வண்டியா, பொக்லைனா என்று ஊரே பந்தயம் கட்டுகிறது. நான் மட்டும் கட்டவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போகிறேன், மதியத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.